ஃபைன் கட்டியாச்சு, ஆனா கேஸ் முடிஞ்சுதா?

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துல யாராவது 'டி அண்ட் டி' கேஸ்ல மாட்டினா, அதாவது குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினா, ஒரு வாரம் கழிச்சு சொல்ற வார்த்தை அநேகமா இதுதான்: "ஃபைன் கட்டியாச்சு, வண்டி வந்துடுச்சு, முடிஞ்சுது." வண்டி வந்தது சரி. பணம் போனதும் சரி. முடிஞ்சுதான்னு கேட்டா, சட்டத்தோட கணக்கு வேற. இந்தக் காணொளில நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். குடி சம்பந்தப்பட்ட சின்ன வழக்குல தண்டனை சீக்கிரம் முடிஞ்சுடும்; அந்த வழக்கைப் பத்தின கேள்விக்குத்தான் நம்ம நாட்டுல முடிவு தேதியே கிடையாது. அந்தத் தேதி இல்லாததால, அந்தக் குற்றமே செய்யாத அளவு சேதத்தை, பாதியில விட்ட ஃபைலும் படிவத்துல மறைச்ச ஒரு வரியும் செஞ்சுடுது.

முதல்ல எது எந்தச் சட்டத்துல வருதுன்னு பிரிச்சுக்கணும், ஏன்னா ஸ்டேஷன்ல எல்லாத்தையும் 'பெட்டி கேஸ்'னு ஒரே பேர்ல சொல்லிட்டுப் போயிடுவாங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 10,000 ரூபா அபராதம், இல்லைன்னா ரெண்டும். மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, 15,000 ரூபா. 2019 செப்டம்பருக்கு முன்னாடி இந்த அபராதம் அதிகபட்சம் 2,000, 3,000 ரூபாதான். பணம் அஞ்சு மடங்கு ஏறினது எல்லாருக்கும் தெரியும். அதே சட்டத்தோட 20-ஆவது பிரிவை மட்டும் யாரும் பேசறதில்லை. 185-ல ஒருத்தரைக் குற்றவாளின்னு தீர்மானிக்கிற நீதிமன்றம், குறைஞ்சது ஆறு மாசத்துக்கு அவரை லைசென்ஸ் வெச்சிருக்கத் தகுதியில்லாதவரா அறிவிக்கணும்னு அது சொல்லுது. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிற ஒருத்தருக்கு 10,000 ரூபாயை விட இந்த ஆறு மாசம்தான் பெரிய அடி.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுறாங்க. ஹெல்மெட் போடாததுக்கும் சிக்னல் தாண்டினதுக்கும் ரோட்டுலயே சலான் போட்டுப் பணம் வாங்கலாம். அதைச் சட்டம் சமரசம்னு பார்க்குது. பணம் கட்டினதும் வழக்கே இல்லை. அப்படிச் சமரசம் செய்யக்கூடிய பிரிவுகளோட பட்டியல் அதே சட்டத்துல 200-ஆவது பிரிவுல இருக்கு. அந்தப் பட்டியல்ல 185 கிடையாது. அதனால குடிச்சிட்டு ஓட்டின வழக்கு கோர்ட்டுக்குப் போயே ஆகணும். அங்கே போய் "ஆமாங்கய்யா, குடிச்சிருந்தேன்"னு சொல்லிப் பணம் கட்டுறது சமரசம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதால வர்ற தண்டனைத் தீர்ப்பு அது. பணத்தை கவுன்டர்ல கட்டினாலும் செல்போன்ல கட்டினாலும் இந்தத் தன்மை மாறாது. மத்திய அரசு வேலைக்குத் தேர்வானா ஒரு உறுதிமொழிப் படிவம் தருவாங்க. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு தொடரப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டான்னு வரிசையா கேட்கும். அதுல தனியா ஒரு கேள்வி: நீதிமன்றம் உங்களுக்கு எப்பவாவது அபராதம் விதிச்சதுண்டா? ஹெல்மெட் சலான் கட்டினவர் அங்கே 'இல்லை'ன்னு எழுதலாம். பிரிவு 185-ல கட்டினவர் எழுத முடியாது. ரெண்டு பேர் கையிலயும் இருக்கறது ஒரே மாதிரி ரசீதுதான்.

அடுத்தது வண்டியே இல்லாத வழக்குகள். பொது இடத்துல போதையில தொந்தரவு செய்யறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 510. 24 மணி நேரம் வரைக்கும் சிறை, இல்லைன்னா பத்து ரூபா அபராதம். 1860-ல் எழுதின அந்தப் பத்து ரூபா 2024 ஜூன் மாசம் வரைக்கும் அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவோட 355-ஆவது பிரிவு அந்த இடத்துக்கு வந்துடுச்சு. சிறை அதே 24 மணி நேரம், அபராதம் ஆயிரம் ரூபா வரைக்கும், இல்லைன்னா சமூக சேவை. இது போக, மாநகரப் போலீஸ் கையில 1888-ஆம் வருஷத்து மாநகரக் காவல் சட்டம் இருக்கு. அதோட 75-ஆவது பிரிவு, போதையிலயோ ஒழுங்கீனமாவோ பொது இடத்துல நடந்துக்கறதுக்கு. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரமும் தனி மாநகரக் காவல் ஆணையரகம் ஆயிடுச்சு. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்துலயும் பொது இடத்துல போதையில இருக்கறதுக்குத் தனிப் பிரிவு உண்டு.

சின்ன வழக்கு பெரிய வழக்கா மாற ரொம்ப நேரம் ஆகாது. பார் வாசல்ல ரெண்டு பேர் கட்டிப் புரண்டா, ஆபாசமா திட்டினது, அடிச்சது, கொலை மிரட்டல் விட்டதுன்னு மூணு பிரிவையும் சேர்த்து எழுதறது தமிழ்நாட்டு எஃப்ஐஆர்கள்ல சாதாரணம். ஊதச் சொன்ன போலீஸ்காரர் கையைத் தட்டிவிட்டா, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமத் தாக்கினதா பாரதிய நியாய சன்ஹிதா 132 வரும். அதுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. பத்தாயிரம் ரூபாயோட போக வேண்டிய ராத்திரி, நாலு வார்த்தையால வேற தளத்துக்குப் போயிடுது. பின்னாடி வர்ற விளைவுகள் எல்லாம் குடிச்ச அளவைப் பார்த்து வர்றதில்லை. காகிதத்துல எழுதின பிரிவைப் பார்த்துத்தான் வருது.

இப்ப என் வாதத்தோட நடுப்பகுதிக்கு வர்றேன். தண்டனை பெற்றவரை விட, வழக்கை அப்படியே விட்டவர்தான் அதிகம் மாட்டுறார். இதுக்கு நல்ல சாட்சி 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டம். அதோட ஆறாவது பிரிவுல ரெண்டு உட்பிரிவு பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒண்ணு, ஏற்கெனவே தண்டனை பெற்றவங்களைப் பத்தினது. விண்ணப்பிக்கறதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துக்குள்ள, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, குறைஞ்சது ரெண்டு வருஷம் சிறைத்தண்டனை வாங்கியிருந்தாத்தான் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். குடிச்சிட்டு ஓட்டி அபராதம் கட்டினவர் இதுக்குள்ள வரவே மாட்டார். இன்னொண்ணு, கிரிமினல் கோர்ட்டுல வழக்கு நிலுவையில இருக்கறவங்களைப் பத்தினது. அங்கே குற்றம் சின்னதா பெரிசாங்கற பேச்சே இல்லை. நிலுவையில இருந்தா மறுக்கலாம். 1993-ல மத்திய அரசு கொண்டுவந்த ஒரு அறிவிக்கைதான் வழி: வழக்கு நடக்கற கோர்ட்டுல அனுமதி வாங்கிட்டு வந்தா பாஸ்போர்ட் கிடைக்கும், கோர்ட் காலம் எதுவும் குறிப்பிடலைன்னா அநேகமா ஒரு வருஷத்துக்கு மட்டும். ஆக, குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினவர் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போய் வேலையை முடிச்சிட்டு வரலாம். "கட்டிக்கலாம், என்ன அவசரம்"னு சம்மனைக் கண்டுக்காம விட்டவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் பாஸ்போர்ட் ஆபீசுக்கும் நடக்கணும். அதுக்குள்ள பிடிவாரன்ட் வந்திருந்தா, அதை ரத்து செய்யறது தனி வேலை.

'அப்ப எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டு கட்டிடணுமா'ன்னு கேட்பீங்க. நான் அப்படிச் சொல்லலை. ஊதற கருவி காட்டின அளவுல நியாயமான சந்தேகம் இருந்தா, வழக்கறிஞரை வெச்சு வாதாடறது உங்க உரிமை. இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கணும். ஒரு வருஷம் வரைக்கும் மட்டுமே சிறை விதிக்கக்கூடிய குற்றங்களை, நடந்த ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட் விசாரணைக்கு எடுக்கணும்னு நடைமுறைச் சட்டத்துல காலவரம்பு இருக்கு. இப்ப அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 514-ஆவது பிரிவு. எஃப்ஐஆர் போட்டுட்டு அப்படியே தூங்கின சின்ன வழக்குகளை உயர் நீதிமன்றத்துல ரத்து செய்யக் கேட்க இது ஒரு காரணம். அதே மாதிரி, கோர்ட் கையில எடுக்காத வெறும் எஃப்ஐஆர், பாஸ்போர்ட் சட்டம் சொல்ற 'நிலுவை'க்குள்ள வராதுன்னும் உயர் நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கு. கட்டுறதோ எதிர்த்து நடத்துறதோ, ரெண்டுல ஒண்ணைச் செஞ்சு தீர்ப்பு நகலை வாங்கி வெச்சுக்கணும். ரெண்டுமே செய்யாம விடறதுதான் ஆபத்து.

அடுத்த ஆபத்து மறைக்கறது. 'பத்து வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஃபைனை யார் தேடப் போறாங்க'ங்கற நினைப்புக்கு முன்னே ஓரளவு அடிப்படை இருந்தது. ஸ்டேஷன் பதிவேடு ஸ்டேஷனோட கிடக்கும். இன்னைக்குக் காவல் நிலையங்களைச் சிசிடிஎன்எஸ்ங்கற கணினி வலையமைப்பு இணைக்குது. கோர்ட் வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்துல பேரைப் போட்டே தேடலாம். ஓஎம்ஆர்ல இருக்கற ஒரு கம்பெனி பின்னணி சரிபார்க்கற நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தா, அவங்க முதல்ல தட்டுற கதவே அதுதான். சொன்னதால வர்ற நஷ்டத்தையும் சொல்லாததால வர்ற நஷ்டத்தையும் உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில அவதார் சிங் வழக்குல தெளிவா பிரிச்சுக் காட்டியிருக்கு. மூணு நீதிபதிகள் அமர்வு. சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கை ஒருத்தர் படிவத்துல எழுதாம விட்டிருந்தா, வேலை தர்றவர் தன் விருப்பத்துல அதை மன்னிக்கலாம்னு சொன்னாங்க. படிவத்துல கேள்வி குறிப்பா இருக்கணும், பொத்தாம் பொதுவா கேட்டுட்டு மறைச்சதா குற்றம் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க. கவனிங்க, 'மன்னிக்கலாம்'. மன்னிச்சே ஆகணும்னு இல்லை. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை உறுதி இல்லை. ஆனா அவரோட வழக்கு எவ்வளவு சின்னதுங்கற பேச்சாவது நடக்கும். மறைச்சவர் விஷயத்துல பேச்சு அவரோட நேர்மைக்குப் போயிடும். 24 மணி நேரத் தண்டனைக்குரிய குற்றத்தை எடைபோட்டு 'இது ஒண்ணுமில்லை'ன்னு சொல்லிடலாம். பொய்யை அப்படி எடைபோட யாரும் முன்வர்றதில்லை.

தமிழ்நாட்டுல இந்தக் கேள்வி ரொம்பக் கறாரா இருக்கற இடம் காவலர் தேர்வு. காவல் சார்நிலைப் பணி விதிப்படி, சரிபார்ப்பு நடக்கும்போது விண்ணப்பிச்சவர் கிரிமினல் வழக்குல சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. அதோட விளக்கம் இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனால விடுதலை ஆனாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியா மாறினதால விடுதலை ஆனாலும், அவர் வழக்குல சம்பந்தப்பட்டவராத்தான் கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தோட முழு அமர்வு 2008-ல இந்த விதியை ஏத்துக்கிச்சு. எழுத்துத் தேர்வு எழுதி, கயிறு ஏறி, ஓடி, மார்பளவு காட்டித் தேறின ஒரு பையன், பார் வாசல் சண்டையில நாலாவது பேரா சேர்க்கப்பட்டிருந்தா இந்த விதியில மாட்டிக்கலாம். போலீஸ் வேலைக்கு அதிகத் தூய்மை வேணுங்கறதை நான் மறுக்கலை. லத்தியும் அதிகாரமும் கையில கொடுக்கறோம், கேட்கத்தான் வேணும். விடுதலை ஆனவரையும் கறைபட்டவரா வைக்கற விதி, 'சின்ன வழக்கு'ங்கற பேச்சுக்கே இடம் தர்றதில்லைங்கறதுதான் என் வருத்தம்.

வெளிநாடு போறவங்க இன்னொரு தராசுல ஏறுறாங்க. நம்ம ஊர்ல எது சின்னதுன்னு அவங்க நம்மைக் கேட்கறதில்லை. கனடா 2018 டிசம்பர்ல போதையில வண்டி ஓட்டறதுக்கான அதிகபட்சத் தண்டனையைப் பத்து வருஷமா உயர்த்தினதால, குடியேற்றச் சட்டத்துல அது கடுமையான குற்றங்கள் வரிசைக்குப் போயிடுச்சு. அங்கே கிரிமினல் வரம்பு நூறு மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம், இங்கே 30. அதனால 40 காட்டி இங்கே தண்டனை பெற்றவரோட செயல், கனடாச் சட்டப்படி அதே குற்றமான்னு தனியா பார்க்க வேண்டியிருக்கும். அந்த எண் உங்க ரசீதுல இருக்காது, வழக்குக் காகிதத்துலதான் இருக்கும். நகலை வாங்கி வெச்சுக்கணும்னு நான் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்க விசாப் படிவம் தண்டனையோட நிக்காம கைதையும் கேட்குது. கடைசி அஞ்சு வருஷத்துல குடிச்சிட்டு ஓட்டிக் கைதானவர்னா தூதரகம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும். கையில இருக்கற விசாவையே ரத்து செய்யற அதிகாரமும் அவங்களுக்கு உண்டு.

இவ்வளவு சொன்னதும் வர்ற முக்கியமான ஆட்சேபம் எனக்குத் தெரியும். 'குடிச்சிட்டு ஓட்டறது சின்னக் குற்றமா? ஜிஎஸ்டி ரோட்டுல ராத்திரி அடிபட்டுச் செத்தவங்க வீட்டுல போய் இதைச் சொல்லுங்க'. இந்த ஆட்சேபத்துல உண்மை இருக்கு. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை 500 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர்ல தீர்ப்பு சொன்னதுக்கும் சாலை மரணங்கள்தான் காரணம். அந்த வழக்குல தமிழ்நாடும் ஒரு தரப்பு. ஆகவே 185-ஐயும் 355-ஐயும் நான் ஒரே தட்டுல வைக்க மாட்டேன். ஸ்டீயரிங்கைப் பிடிச்ச போதைக்கும், பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல விழுந்து கிடக்கற போதைக்கும் ஆபத்துல வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது தடவை மாட்டினவருக்கு முதல் வழக்கு நினைவுல இருக்கணும்னுதான் சட்டமே சொல்லுது, அது நியாயம். லைசென்ஸ் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அந்த நினைவு வேணும். ஒரு கிளார்க் வேலைக்கான படிவத்துக்கு இருபது வருஷம் கழிச்சும் அந்த நினைவு எதுக்குன்னுதான் கேட்கறேன். பயம் போயிடுமேன்னு சொல்றவங்களுக்கு: வண்டியை எடுக்கற நேரத்துல யாரும் 2040-ஆம் வருஷத்து வேலைப் படிவத்தை நினைச்சுப் பயப்படறதில்லை, இரும்புலியூர்ல இன்னைக்கு செக்கிங் இருக்குமாங்கறதுதான் அவங்க கணக்கு.

முடிவு தேதி வேணும்னு சொல்றது என் சொந்தக் கற்பனையும் இல்லை. 1996-ல பவன் குமார் வழக்குல உச்ச நீதிமன்றமே இதைக் கேட்டுச்சு. ஹரியானாவுல ஒரு கடைநிலை அரசு ஊழியர், பொது இடத்துல ஆபாசமா நடந்துக்கிட்டதா ஒரு சுருக்க விசாரணை, இருபது ரூபா அபராதம். அந்த இருபது ரூபாயால வேலை போச்சு. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்னதோட விடலை. ரெண்டாயிரம் ரூபா வரைக்கும் அபராதம் விதிக்கப்படற அற்பக் குற்றங்களை, அரசு வேலைக்குள்ள வர்றதுக்கும் தொடர்றதுக்கும் தண்டனையாவே கருதக் கூடாதுன்னு நாடாளுமன்றம் சட்டம் செய்யணும்னு சொல்லிச்சு. சிங்கப்பூர்ல இதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு: மூணு மாசத்துக்கு மேற்படாத சிறையோ, 2,000 டாலருக்கு மேற்படாத அபராதமோ வாங்கினவர் அஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்தா, பெரும்பாலான குற்றங்களுக்கு அந்தப் பதிவு காலாவதி ஆயிடும். இங்கிலாந்துல 1974-லேர்ந்து தனிச் சட்டம் உண்டு. வெறும் அபராதத் தண்டனை இப்ப ஒரு வருஷத்துல காலாவதி. நம்ம நாடாளுமன்றத்துக்கு இது தெரியாத வேலை இல்லை. 2023-ல ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்கள்ல 183 பிரிவுகளைத் திருத்திச்சு. தொழில் நடத்தறவங்களுக்கு அதுல நிறைய சிறைத்தண்டனைப் பயம் நீங்கிச்சு. அதே வருஷம் தண்டனைச் சட்டத்தையே முழுசா மாத்தி எழுதினாங்க. பத்து ரூபா ஆயிரமாச்சு, சமூக சேவை வந்துச்சு. பவன் குமார் தீர்ப்பு கேட்ட அந்த ஒரு வரி வரலை.

அது வர்ற வரைக்கும் கையில இருக்கற கருவி 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம். முன்தண்டனை எதுவும் இல்லாதவரை, சின்னக் குற்றத்துல எச்சரிச்சோ நன்னடத்தை உறுதிமொழி வாங்கியோ விடலாம்னு அது நீதிபதிக்கு அதிகாரம் தருது. அதோட 12-ஆவது பிரிவு, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோட ஒட்டிக்கிட்டு வர்ற தகுதியிழப்பு கிடையாதுன்னு சொல்லுது. குற்றவாளிங்கற தீர்ப்பு இருக்கும். அதனால படிவத்துல எழுதித்தான் ஆகணும். அதோட வால் மட்டும் அறுந்துடும். பெட்டி கேஸ் வரிசையில நிக்கறவர் இதைக் கேட்கறதில்லை, ஏன்னா ஆயிரம் ரூபா கட்டிட்டுப் பதினொரு மணி ஷிஃப்டுக்கு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்து கேட்டுக்குப் போறதுதான் அந்த நேரத்துல லாபமாத் தெரியும். வயசு பதினெட்டுக்குக் கீழன்னா அவர் அந்த வரிசையிலயே நிக்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 24-ஆவது பிரிவு, இந்த மாதிரி வழக்குகள்ல பதிவையே அழிக்கச் சொல்லுது. பதினேழு வயசுக்காரருக்கு அழிக்கற சட்டம் இருக்கு, பத்தொன்பது வயசுக்காரருக்கு ஆயுசுக்கும் தேதியில்லாத கேள்வி. நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்காமத் தமிழ்நாடே செய்யக்கூடியதும் இருக்கு. காவல் சார்நிலைப் பணி விதி மாநில அரசோடது, மாநில வேலைப் படிவங்கள்ல எத்தனை வருஷத்துக்குப் பின்னோக்கிக் கேட்கறதுங்கறதும் மாநிலத்தோட முடிவு. 'கடந்த அஞ்சு வருஷத்துல'ங்கற மூணு சொல்லை அந்தக் கேள்விக்கு முன்னாடி சேர்க்க ஒரு அரசாணை போதும்.